மூன்று தண்டவாள லயனல் ரயில்: ஷார்ட்டிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரையும் எஞ்சினையும் காப்பாற்ற – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் லயனல் கம்பெனி செய்த ஓ கேஜ் (ஓர் அளவின் பெயர்) பொம்மை ரயில்கள் மூன்று தண்டவாளத்தில் ஓடுபவை. நடுத் தண்டவாளம் ஒரு முனை. வெளியே உள்ள இரண்டும் சேர்ந்து மறு முனை. ஓடுவது ஏசி மின்சாரம், சுமார் 6 முதல் 20 வோல்ட் வரை. 1948-ல் வந்த இசட்டபிள்யூ, அதற்குத் தம்பியான கேடபிள்யூ போன்ற பழைய டிரான்ஸ்ஃபார்மர்கள் இன்றைக்கும் ஆயிரக்கணக்கான வீடுகளில் உழைக்கின்றன. அவற்றோடு எலெக்ட்ரானிக் போர்டும் ஸ்பீக்கரும் வைத்த புது எஞ்சினைச் சேர்த்து ஓட்டும்போதுதான் பெரிய சேதங்கள் நேர்கின்றன. அந்தக் கூட்டணியை மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே பிரேக்கர் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. ஷார்ட் ஆனால் அடிபடக்கூடியவை மூன்று: டிரான்ஸ்ஃபார்மரின் காயில், வழியில் உள்ள வயர், எஞ்சினுக்குள் இருக்கும் போர்டு. ஒவ்வொன்றும் தாங்கும் நேரம் வேறு. காயில் பல விநாடி தாங்கும். எஞ்சினுக்குள் ஓடும் மெல்லிய வயர் ஓரிரு விநாடி தாங்கும். போர்டில் உள்ள சில்லு ஒரு விநாடியின் லட்சத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது.

பழைய டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பது இரட்டை உலோகப் பட்டை வைத்த பிரேக்கர். பட்டை சூடேறி வளைந்தால்தான் இணைப்பு விடுபடும். புதிதாக இருந்தபோதே அதற்குச் சில விநாடிகள் ஆகும். எழுபது வருடம் ஆனபின் எத்தனை விநாடி என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அது காயிலைக் காப்பாற்றலாம். எஞ்சினைக் காப்பாற்றும் என்று எண்ணாதீர்கள். ஆகவே மூன்று காவல் வேண்டும்: காயிலுக்கு உள் பிரேக்கர், வயருக்கு ஒவ்வொரு முனையிலும் வேகமான ஃபியூஸ் அல்லது பிரேக்கர், போர்டுக்கு டிவிஎஸ் டையோடு (வோல்ட் எகிறலை அடக்கும் சிறு பாகம்). ஒன்று இருந்தால் மற்றொன்று தேவையில்லை என்று நினைப்பதில்தான் பல எஞ்சின்கள் போயிருக்கின்றன.

இசட்டபிள்யூவில் ஏ முனைக்கும் டி முனைக்கும் இடையே ஷார்ட் ஆனால் பிரேக்கர் விழவே இல்லை. பழுதா?

பழுது இல்லை. அதன் அமைப்பே அப்படி. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய டிரான்ஸ்ஃபார்மர்களின் பெரிய ஓட்டை இதுதான்.

இசட்டபிள்யூவின் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரே ஒரு செகண்டரி காயில் இருக்கும். அதன் மேற்பரப்பில் இனாமல் சுரண்டப்பட்டுச் செம்பு பளபளக்கும். அந்தச் செம்பின்மேல் நான்கு கார்பன் ரோலர்கள் உருளும். அவைதான் ஏ, பி, சி, டி என்ற நான்கு முனைகள். காயிலின் ஒரு நுனி பிரேக்கர் வழியாக யூ முனைக்கு வருகிறது. யூ முனை வெளித் தண்டவாளத்துக்குப் போகிறது. அதாவது யூ வழியாகத் திரும்பும் மின்சாரத்தை மட்டுமே பிரேக்கர் பார்க்கும்.

இப்போது பாதையை இரண்டு பிளாக்காக (தனித்தனியாக மின்சாரம் ஊட்டும் பகுதிகளாக) பிரித்து, ஒன்றை ஏ-யில் 18 வோல்ட்டிலும் மற்றதை டி-யில் 8 வோல்ட்டிலும் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். டீசல் மாடல் எஞ்சினுக்கு அடியில் ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளியில், நடுத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் இரண்டு பிக்கப் ரோலர்கள். உள்ளே இரண்டையும் ஒரு மெல்லிய வயர் இணைக்கிறது. எஞ்சின் பிளாக் எல்லையைத் தாண்டும்போது முன் ரோலர் 18 வோல்ட்டிலும் பின் ரோலர் 8 வோல்ட்டிலும் நிற்கும். நடுவே 10 வோல்ட் வித்தியாசம், அதைச் சுமப்பது அந்த மெல்லிய வயர். சுற்றுத்தடை 0.4 ஓம் என்று வைத்தாலும் 25 ஆம்பியர் பாயும். மின்சாரம் காயிலிலிருந்து ஏ ரோலர், தண்டவாளம், எஞ்சின் வயர், மறு பிளாக், டி ரோலர் வழியாகத் திரும்பவும் காயிலுக்கே வந்துவிடுகிறது. யூ முனை இந்த வட்டத்திலேயே இல்லை. பிரேக்கருக்கு ஒன்றும் தெரியாது.

ஓடிக்கொண்டே தாண்டினால் ஒரு பொறி பறக்கும், அவ்வளவுதான். எஞ்சின் சரியாக அந்த எல்லையில் நின்றுவிட்டால் கதை வேறு. கார்பன் ரோலர் சிவக்கும், அதன் கீழ் உள்ள காயில் சுற்று கருகும், எஞ்சின் வயரின் உறை உருகிப் பக்கத்து வயரோடு ஒட்டும். விளக்குப் போட்ட பயணிப் பெட்டிகளும் இதே வேலையைச் செய்யும். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பிக்கப் இருந்தால், ஆறு பெட்டி வண்டி எல்லையைத் தாண்டும்போது ஆறு முறை பாலம் போடும்.

தீர்வு ஒன்றே: யூ-வில் அல்ல, ஏ, பி, சி, டி ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஃபியூஸ் அல்லது பிரேக்கர் போடுவது. கூடவே, ஒரே வண்டி இரண்டு பிளாக்கிலும் ஓடுவதென்றால் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு கைப்பிடிகளையும் ஒரே வோல்ட்டில் வைத்துவிட்டுத் தாண்டுங்கள். இன்னும் நல்லது, இரண்டு பிளாக்கையும் ஒரே கைப்பிடியிலிருந்து ஆன்–ஆஃப் சுவிட்ச் வழியாக ஊட்டுவது. அப்போது வோல்ட் வித்தியாசம் என்ற பேச்சே எழாது.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும்?

வண்டி இழுக்கும் அளவுக்குச் சற்று மேலே, டிரான்ஸ்ஃபார்மரும் வயரும் தாங்கும் அளவுக்குக் கீழே.

கணக்கு இப்படி: பழைய மோட்டார் எஞ்சின் 2 முதல் 3 ஆம்பியர், புகை யூனிட் ஏறக்குறைய அரை ஆம்பியர், பழைய இழை பல்பு ஒன்றுக்குச் சுமார் 0.2 ஆம்பியர். ஆறு பெட்டியில் பெட்டிக்கு இரண்டு பல்பு என்றால் 2.4 ஆம்பியர். மொத்தம் 6-ஐத் தொடும். இதற்கு 7.5 ஆம்பியர் ஃபியூஸ் சரி. சரக்குப் பெட்டி மட்டும் இழுக்கும் புது எஞ்சினுக்கு 5 போதும். பெட்டி விளக்குகளை எல்இடிக்கு மாற்றினால் சுமை வெகுவாகக் குறையும், சிறிய ஃபியூஸுக்கு இறங்கலாம். பாதுகாப்பில் கிடைக்கும் மலிவான லாபம் அது.

இசட்டபிள்யூவின் தகட்டில் உள்ள 275 வாட் என்பது சுவரிலிருந்து இழுப்பது. தண்டவாளத்துக்குத் தொடர்ந்து கொடுக்கக்கூடியது நான்கு முனைக்கும் சேர்த்தே சுமார் 10 ஆம்பியர்தான். ஒரு முனையில் 15 ஆம்பியர் ஃபியூஸ் போடுவது ஃபியூஸே போடாததற்குச் சமம்.

கண்ணாடி ஃபியூஸா, கார் ஃபியூஸா, பட்டன் பிரேக்கரா?

கார்களில் வரும் தட்டை ஃபியூஸ் எளிதாகக் கிடைக்கும், நிறத்தைப் பார்த்தே அளவு சொல்லிவிடலாம்: 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம். 32 வோல்ட் வரை தாங்கும், ஆகவே 20 வோல்ட் ஏசிக்குத் தாராளம். அதன் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அளவைவிட 35 சதவீதம் கூடுதலாகப் பாய்ந்தால் அறுபட 10 நிமிடம் வரைகூட எடுக்கலாம். இரண்டு மடங்கு பாய்ந்தால் அதிகபட்சம் 5 விநாடி. மூன்றரை மடங்கில் அரை விநாடிக்குள். அதனால்தான் ஃபியூஸைச் சிறிதாகத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்: 20 ஆம்பியர் ஷார்ட்டுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் விநாடிக்கணக்கில் யோசிக்கும், 5 ஆம்பியர் ஃபியூஸ் உடனே போய்விடும். மெதுவாக அறுபடும் ‘ஸ்லோ புளோ’ வகையை இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

பட்டனை அழுத்தி மீட்கும் பிரேக்கரில் இரண்டு வகை உண்டு. சூட்டில் விழுவது மலிவு, ஆனால் மெதுவானது. காந்தத்தால் விழுவது விலை அதிகம், ஷார்ட் என்றால் நொடியின் ஒரு சிறு பகுதியில் விழுந்துவிடும். குழந்தைகள் ஓட்டும் பாதையில் வண்டி அடிக்கடி தடம் புரளும். அங்கே காந்த வகையில் பணம் போடுவது வீண் இல்லை.

ஃபியூஸ் ஹோல்டருக்கு இணையாக ஒரு 18 வோல்ட் சிறு பல்பை மாட்டுங்கள். ஃபியூஸ் நன்றாக இருக்கும்வரை பல்பு எரியாது. ஃபியூஸ் போய், ஷார்ட்டும் நீடித்தால் பல்பு பளிச்சென்று எரியும். நான்கு முனைகளில் எது போனது என்று மேசைக்கு அடியில் தவழ்ந்து தேட வேண்டியதில்லை.

வயர் எந்தக் கனம்?

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஃபியூஸ் வரைக்கும், அங்கிருந்து மேசையைச் சுற்றும் முதன்மை வயருக்கும் 14 கேஜ், நம் கடைகளில் 2.5 சதுர மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்கலாம். அதிலிருந்து தண்டவாளத்துக்கு ஏறும் குட்டை வயர் ஓரடிக்குள் இருந்தால் 18 கேஜ், அதாவது 1 சதுர மில்லிமீட்டர் போதும். கதவு மணிக்கு இழுக்கும் மெல்லிய வயரைத் தண்டவாளத்துக்குப் போடாதீர்கள். வண்டி ஓடும், ஷார்ட் ஆனால் முதலில் எரிவது அதுதான்.

ஃபியூஸ் போட்டாயிற்று. ஷார்ட்டில் விழுமா என்று எப்படிச் சோதிப்பது?

எஞ்சின், பெட்டி எல்லாவற்றையும் தூக்கிவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள தண்டவாளத்துக்குப் போய், பிடியில் பிளாஸ்டிக் உள்ள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை நடுத் தண்டவாளத்துக்கும் வெளித் தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். உடனே விழ வேண்டும். இரண்டு விநாடிக்குள் விழாவிட்டால் எடுத்துவிடுங்கள். கோளாறு பெரும்பாலும் ஃபியூஸில் இல்லை, வயரிங்கில்.

ஏன்? போகவர 20 மீட்டர் 18 கேஜ் வயரின் தடை 0.42 ஓம். தளர்ந்துபோன தண்டவாள இணைப்புகள் எல்லாம் சேர்ந்து 1 ஓம். டிரான்ஸ்ஃபார்மரின் உள்தடையையும் கூட்டி மொத்தம் 2 ஓம் என்று வையுங்கள். 18 வோல்ட்டை 2-ஆல் வகுத்தால் 9 ஆம்பியர். 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது வண்டி ஓடுவதைப்போலவே தெரியும். அசையாது. ஆனால் அந்த 9 ஆம்பியர் அரை ஓம் உள்ள ஒரு தளர்ந்த இணைப்பில் பாயும்போது அங்கே 40 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னின் சூடு அது, உங்கள் மரப்பலகையின்மேல்.

குழாய்த் தண்டவாளத்தின் பின்களை இடுக்கியால் இறுக்குங்கள். 2 மீட்டருக்கு ஒரு இடத்திலாவது புது ஊட்டு வயரை ஈயம் வைத்துப் பிடியுங்கள். பிறகு மறுபடியும் சோதித்துப் பாருங்கள்.

டிவிஎஸ் டையோடு என்பது என்ன? ஃபியூஸ் இருக்கும்போது அது எதற்கு?

வோல்ட் திடீரென்று எகிறினால் அதை அடக்கும் டையோடு. ஃபியூஸ் பார்ப்பது ஆம்பியரை, டிவிஎஸ் பார்ப்பது வோல்ட்டை. இரண்டும் வெவ்வேறு ஆபத்துகள்.

தடம் புரண்ட சக்கரம் தண்டவாளத்தில் தட்டித் தட்டித் தொடும்போது மின்சுற்று ஒரு நொடியில் பல முறை இணைந்து இணைந்து அறும். டிரான்ஸ்ஃபார்மர் காயில், மோட்டார் காயில், பாயிண்ட்டின் (பாதை பிரியும் இடத்தின்) சோலனாய்டு காயில் எல்லாமே ஓடும் மின்சாரம் அறுபடுவதை எதிர்ப்பவை. பாய்ந்துகொண்டிருந்த மின்சாரம் சட்டென்று நின்றால், அந்தக் கணத்தில் 18 வோல்ட் பாதையில் நூறு வோல்ட்டுக்கு மேலும் எகிறும். நீலப் பொறியாக நாம் பார்ப்பது அதைத்தான். பழைய எஞ்சினில் இருப்பது செம்பும் இரும்பும், அவற்றுக்கு இது உறைக்காது. புது எஞ்சினின் போர்டில் உள்ள சில்லுக்கு அது ஒரே அடி.

வாங்க வேண்டியது 1.5கேஇ36சிஏ என்ற எண் கொண்டது. கடைசியில் உள்ள ‘சிஏ’ முக்கியம், இரு திசையிலும் வேலை செய்யும் என்று பொருள். ‘ஏ’ மட்டும் உள்ளது ஒரு திசை வகை. அதை ஏசியில் மாட்டினால் அரைச் சுழற்சிக்கு நேர் ஷார்ட். 36 ஏன்? 18 வோல்ட் ஏசியின் உச்சம் 25.5 வோல்ட், 20 வோல்ட்டின் உச்சம் 28.3. இந்த டையோடு 30.8 வோல்ட் வரை சும்மா இருக்கும், 34 முதல் 38 வோல்ட்டுக்குள் கடத்தத் தொடங்கும், பெரிய எகிறலையும் 50 வோல்ட்டுக்குள் அமுக்கிவிடும். 18 வோல்ட்டுக்கு மேல் போகாத டிரான்ஸ்ஃபார்மருக்கு 33 எண் இன்னும் இறுக்கமான காவல்.

அதை எங்கே மாட்டுவது?

காக்க வேண்டிய போர்டுக்கு எவ்வளவு அருகிலோ அவ்வளவு நல்லது. முதல் இடம் எஞ்சினுக்குள்: பிக்கப் ரோலர் வயருக்கும் எஞ்சின் சட்டத்துக்கும் நடுவே, போர்டுக்கு முன்னால். கால்களைக் குட்டையாக வெட்டி, உறை போட்டு, ஈயம் வையுங்கள். இரு திசை வகையானதால் எந்தப் பக்கம் வைத்தாலும் சரி. இரண்டாம் இடம் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம்: ஒவ்வொரு முனைக்கும் யூ-வுக்கும் நடுவே ஒன்று, கட்டாயம் ஃபியூஸுக்குப் பின்னால். டிவிஎஸ் தன் சக்திக்கு மீறி வாங்கினால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். ஃபியூஸுக்குப் பின்னால் இருந்தால் ஃபியூஸ் போகும், நமக்கும் தெரியும். முன்னால் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே அந்த ஷார்ட்டைச் சுமக்கும்.

ஆகவே வரிசை: டிரான்ஸ்ஃபார்மர் முனை, ஃபியூஸ், டிவிஎஸ், அதன்பின் ரிமோட் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தால் அது, பிறகு தண்டவாளம். எம்டிஎச் கம்பெனியின் டிசிஎஸ் பெட்டி வைத்திருப்பவர்கள் அதன் உள்வரும் பக்கத்தில் டிவிஎஸ்ஸை மாட்டுங்கள். அந்த முறை சிக்னலைத் தண்டவாளம் வழியாகவே அனுப்புகிறது. வெளிப்பக்கத்தில் நாலைந்து டிவிஎஸ் தொங்கினால் அவற்றின் மின்தேக்கத் தன்மை சிக்னலைத் தின்னும்.

சோதனை எளிது. ஒரு காலைக் கழற்றி மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். இரு திசையிலும் இணைப்பே காட்டக்கூடாது. வருடம் ஒரு முறையாவது பாருங்கள்.

பாதையில் ஷார்ட் இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. எப்படிப் பிடிப்பது?

திரும்பத் திரும்பப் பிரேக்கரை அமுக்கி அமுக்கித் தேடாதீர்கள். 12 வோல்ட் 21 வாட் கார் பிரேக் பல்பு இரண்டை வரிசையாக இணைத்து, டிரான்ஸ்ஃபார்மரின் ஏ முனைக்கும் நடுத் தண்டவாளத்துக்கும் இடையே வையுங்கள். ஷார்ட் இருந்தாலும் பல்புகள் ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியருக்கு மேல் விடாது. எதுவும் எரியாது, நிதானமாகத் தேடலாம்.

முதலில் எல்லா வண்டியையும் எடுங்கள். பல்பு அணைந்தால் ஷார்ட் வண்டியில். ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துக் கண்டுபிடியுங்கள். அணையாவிட்டால் பாதையில். நடுவில் ஓரிடத்தில் பாதையைக் கழற்றி இரண்டாகப் பிரியுங்கள். எந்தப் பாதியில் பல்பு எரிகிறதோ அதைத் திரும்பவும் பாதியாக்குங்கள். முப்பது துண்டுப் பாதையில் ஐந்து முறை பிரித்தால் துண்டு கையில் வந்துவிடும்.

அநேகமாகக் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும். குழாய்த் தண்டவாளத்தில் நடுத் தண்டவாளத்துக்கும் தகரக் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே கறுப்பு நிறத்தில் ஒரு அட்டைத் துண்டு இருக்கும். அது நைந்து போனால் இரண்டும் தொடும். துண்டைத் திருப்பிப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், தொடும் இடத்தில் கருத்த புள்ளி தெரியும். புது அட்டைத் துண்டுகள் விற்பனையில் கிடைக்கின்றன. பாயிண்ட்டில் மின்காப்புப் பின் இருக்க வேண்டிய இடத்தில் இரும்புப் பின் போயிருக்கலாம். பெட்டியைக் கழற்றிவிடும் ஐந்து தண்டவாளத் துண்டில் பெட்டியின் அடிச்சறுக்கு வளைந்து பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடலாம். பாயிண்ட்டின் குறுக்குவெட்டில் மட்டும் பொறி வந்தால், ரோலர் அங்கே வெளித் தண்டவாள உலோகத்தைத் தொடுகிறது. தொடும் இடத்தில் இரண்டு மூன்று பூச்சு நகப் பாலிஷ் அடித்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றிப் போட்டால்தான் அடிக்கடி ஷார்ட் ஆகிறது. ஏன்?

மரத்திலிருந்து உதிரும் உலோக ஜிகினா. ஒரு இழை நடுத் தண்டவாளத்துக்கும் வெளித் தண்டவாளத்துக்கும் குறுக்கே விழுந்தால் போதும். பிளாஸ்டிக் ஜிகினாவுக்கு மாறுங்கள், அலங்கார மாட்டுக் கம்பிகள் கீழே கிடக்கிறதா என்று பாருங்கள், மரத்துக்கு ஊற்றும் தண்ணீர் பாதையில் வழியாமல் தட்டு வையுங்கள். வண்டி ஓடும்போது அறையை விட்டுப் போகாதீர்கள்.

எஞ்சினுக்குள்ளேயே ஷார்ட் எதனால் வருகிறது?

மேல்மூடியை மாட்டும்போது சட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே வயர் நசுங்குவதால்தான் பெரும்பாலும் வருகிறது. ஸ்க்ரூவை இறுக்குமுன் சுற்றி ஒரு முறை பாருங்கள். அடுத்தது புகை யூனிட்டின் சூட்டில் உறை உருகிய வயர். பழைய மோட்டாரில் கார்பன் தூளும் எண்ணெயும் குழைந்து கருப்பு மைபோல் பிரஷ் பிடிகளுக்கு நடுவே படியும். அது மின்சாரம் கடத்தும். பிரஷ்ஷைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் கம்யூட்டேட்டரின் இடுக்குகளைத் துடையுங்கள். எண்ணெய் ஒரு சொட்டு போதும், தாங்கியில் மட்டும்.

தண்டவாளத்தை ஸ்டீல் நாரால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். 1950 முதல் லயனல் பல எஞ்சின்களின் சக்கரத்தில் காந்தம் வைத்தது, பிடிமானத்துக்காக. புது எஞ்சின்களின் மோட்டாரிலும் காந்தம் உண்டு. உதிர்ந்த இரும்பு இழைகளை அவை ஒன்றுவிடாமல் உறிஞ்சிக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் அல்லது ஆல்கஹால் தொட்ட துணி போதும். தொலைந்துபோன ஸ்க்ரூவையும் தண்டவாளப் பின்னையும் முதலில் எஞ்சின் சக்கரத்தில் தேடுங்கள்.

இரண்டு பிக்கப்பை இணைக்கும் அந்த மெல்லிய வயரில் தானே மீளும் பிடிசி ஃபியூஸ் ஒன்று வைக்கலாம். 2.5 ஆம்பியர் தாங்கி 5-ல் அடைக்கும் வகை, 30 வோல்ட்டுக்கானது. சூடாகும் பொருள் அது, பிளாஸ்டிக்கில் ஒட்டி வைக்காதீர்கள்.

விசில் லீவரைப் பிடித்திருக்கும்போது ஷார்ட் ஆனால்?

உடனே லீவரை விடுங்கள். விசிலுக்காகப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஏசியின்மேல் கொஞ்சம் டிசி ஏற்றுகிறது. அதைச் செய்வது உள்ளே உள்ள தட்டு வடிவ ரெக்டிஃபையர். ஷார்ட் மின்சாரம் முழுதும் அதன் வழியாகப் போனால் காயிலுக்கு முன்பே அது போய்விடும். வண்டி ஓடும், விசில் மட்டும் வராது. அதற்குப் பதிலாக 35 ஆம்பியர் சிலிக்கான் டையோடை நல்ல உலோகப் பட்டையில் இறுக்கி வைக்கலாம், பழையதைவிட நன்றாகத் தாங்கும். திசை மாறினால் புது எஞ்சினில் விசிலுக்குப் பதில் மணி அடிக்கும். அப்போது டையோடைத் திருப்பிப் போடுங்கள்.

இரண்டு டிரான்ஸ்ஃபார்மரை ஒரே பாதையில் பயன்படுத்தலாமா?

தனித்தனி பிளாக்குக்குத் தனித்தனியாக என்றால் சரி, ஆனால் இரண்டும் ஒரே கட்டத்தில் (ஃபேஸில்) இருக்க வேண்டும், அதாவது இரண்டின் ஏசி அலையும் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லையில் 18-ம் 18-ம் கூடி 36 வோல்ட் ஆகும். பொது முனைகள் இரண்டையும் இணையுங்கள். இரண்டையும் 12 வோல்ட்டில் வைத்து, மாறும் முனைகளுக்கு நடுவே ஏசி வோல்ட் பாருங்கள். பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் சரி. 24 வந்தால் ஒன்றின் பிளக்கைத் திருப்பிச் செருகி, மேல்பக்கத்தில் பெயிண்ட் புள்ளி வையுங்கள். சில சிறிய மாடல்களில் யூ பொது முனை அல்ல, அதுவே மாறும் முனை. எழுத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

இங்கே உயிருக்கே ஆபத்தான ஒன்று உண்டு. இரண்டும் பாதையில் இணைந்திருக்கையில் ஒன்றின் பிளக்கை மட்டும் பிடுங்கினால், மற்றதன் 18 வோல்ட் தண்டவாளம் வழியாக அதற்குள் புகுந்து, கையில் பிடித்திருக்கும் பிளக் முள்ளில் 120 வோல்ட்டாக வெளிவரும். இரண்டையும் ஒரே சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, எப்போதும் அந்த ஒரே சுவிட்சால் அணையுங்கள். பிளக்கைத் தனியாகப் பிடுங்கும் பழக்கமே வேண்டாம்.

இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டலாமா?

நேராகச் செருகினால் நொடியில் போய்விடும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதோடு முடியவில்லை: இவை 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை, இங்கே 50. இரும்பு உள்ளகத்தில் எழும் காந்தச் சுமை வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் வருவது. 115-ஐ 60-ஆல் வகுத்தால் 1.92. 110 வோல்ட் ஸ்டெப்டவுன் கொடுத்தால் 110-ஐ 50-ஆல் வகுத்து 2.2, அதாவது 15 சதவீதம் கூடுதல். சும்மா வைத்தாலும் ரீங்காரம், சூடு. ஜப்பான் சாதனங்களுக்கு விற்கும் 100 வோல்ட் ஸ்டெப்டவுன் வாங்கினால் சரியாக 2.0. வேகம் சற்றுக் குறையும், டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும்.

பயணத்துக்கு விற்கும் கையடக்கக் கன்வெர்ட்டர் வேண்டாம். அது அலையைக் கத்தரித்துக் கொடுப்பது. இரும்பும் செம்பும் உள்ள, 500 வாட் அளவிலான, இரு காயிலும் தனித்தனியான டிரான்ஸ்ஃபார்மராகப் பாருங்கள். சுவர் பக்கம் 30 மில்லிஆம்பியர் கசிவு பிரேக்கரும் இருக்கட்டும்.

புது டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிட்டால் இதெல்லாம் தேவையில்லையா?

வேகமான பிரேக்கர் உள்ளேயே இருக்கும். லயனலின் 180 வாட் பவர்ஹவுஸ் போன்றவை நன்றாகவே விழுகின்றன. வயர் கனம், ஊட்டு இணைப்பு, எஞ்சினுக்குள் டிவிஎஸ் ஆகிய மூன்றும் அப்போதும் வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர்தான் பிடிக்கும் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒழுங்காகக் காவல் போட்ட இசட்டபிள்யூ எந்தப் புது எஞ்சினையும் பத்திரமாக ஓட்டும்.

பரணிலிருந்து எடுத்த பழைய டிரான்ஸ்ஃபார்மர். செருகும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் மின் வயர். ரப்பர் உறையை விரலால் மடக்குங்கள். வெடித்தாலோ பொடிந்தாலோ செருகாதீர்கள், மாற்றுங்கள். பெட்டிக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும். பிறகு மீட்டரில் பிளக் முள்ளுக்கும் யூ முனைக்கும் இடையே ஓம் பாருங்கள். இணைப்பே காட்டக்கூடாது, காட்டினால் அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தொடவே வேண்டாம். மூடியைக் கழற்றி கார்பன் ரோலரைப் பாருங்கள். பள்ளம் விழுந்தோ, உடைந்தோ, நடு ரிவெட் தெரிந்தோ இருந்தால் மாற்றுங்கள். ரிவெட் காயிலைத் தொட்டால் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளை உலோகமே ஷார்ட் செய்யும், வெளியே எந்த ஃபியூஸும் அதைப் பார்க்காது.

எல்லாம் சரியென்றால் பாதையை இணைக்காமல் செருகி, அரை மணி நேரம் சும்மா விடுங்கள். வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியாத சூடோ, கருகும் வாசனையோ வந்தால் காயிலுக்குள் சுற்று ஷார்ட். அடுத்து, முதல் கேள்வியில் சொன்ன இரட்டை உலோகப் பட்டை பிரேக்கரை விலையைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். இசட்டபிள்யூவுக்கு 15 ஆம்பியர், கேடபிள்யூவுக்கு 10 ஆம்பியர். அதன்பிறகுதான் ஏ முனையில் முதல் ஃபியூஸ்.